மூணாவது நாள் கிளம்பிடணும்: ஆதிச் சபையும் ஏமாற்றுக்காரர்களும்

இன்னைக்கு நேரா ஒரு விதியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

உங்க ஊருக்கு ஒரு ஊழியக்காரர் வர்றார். ஆண்டவரே வந்த மாதிரி அவரை வரவேற்கணும். ஒரு நாள் தங்கலாம். அவசியம்னா இன்னொரு நாள். மூணாவது நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்னா அவர் கள்ளத் தீர்க்கதரிசி. கிளம்பும்போது, அடுத்துத் தங்குற இடம் போய்ச் சேரும்வரைக்கும் ஆகுற ரொட்டியைக் கொடுத்தனுப்பலாம். காசு கேட்டார்னா, அப்பவும் கள்ளத் தீர்க்கதரிசிதான்.

விருந்தாளிங்களைப் பார்த்துச் சலிச்சுப்போன யாரோ எழுதினதுன்னு நினைச்சுடாதீங்க. கிறிஸ்தவத்தின் மிகப் பழைய நூல்களில் ஒன்றான டிடாக்கேயில் இருக்கிற விதி இது. 'விருந்தும் மருந்தும் மூணு நாளைக்கு'ன்னு நம்ம பாட்டிங்க சொன்னதுக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனா ரெண்டு பேருக்கும் இருந்த பிரச்சினை ஒண்ணுதான். கதவு திறந்திருக்கிற வீட்டுக்குள்ள யார் வேணும்னாலும் வரலாம்.

நான் சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவன். என்னை மாதிரி வளர்ந்தவங்க நிறையப் பேருக்கு ஒரு குழப்பம் இருக்கு. மூணாவது தடவையா கடன் கேட்கிற ரூம்மேட், மாசக் கடைசியில மட்டும் 'ஹாய் ப்ரோ' அனுப்புற ஜெபக்குழு நண்பர், வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டாகி வரும் ஆபரேஷன் செலவு. இவங்ககிட்ட 'முடியாது'ன்னு சொன்னா நாம கிறிஸ்தவங்க இல்லையோன்னு ஒரு குத்தம் உள்ளே அரிக்கும். 'பவுண்டரீஸ்' என்ற வார்த்தையை ரீல்ஸில் கேட்டா ஏதோ வெளிநாட்டுத் தெரபிஸ்ட் கண்டுபிடிச்ச சரக்கு மாதிரி இருக்கு. பாம்பு மாதிரி விவேகமாவும் புறா மாதிரி கபடில்லாமலும் இருக்கச் சொல்லி இயேசு சீஷர்களை அனுப்பினதா மத்தேயு பத்தாம் அதிகாரத்துல படிச்சிருக்கோம். பிரசங்கத்துல புறாவுக்குக் கிடைச்ச நேரம் பாம்புக்குக் கிடைச்சதில்ல. அந்தப் பாம்புப் பாதியை முதல் சில நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் எப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தாங்கன்னுதான் இந்த எபிசோட்.

முதல்ல டிடாக்கே. கிரேக்கத்தில் 'போதனை' என்று அர்த்தம். முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது, சிரியா பக்கமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. யூசேபியஸ் போன்ற பழைய எழுத்தாளர்கள் இதன் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் முழு நூல் பல நூற்றாண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை. 1873இல் ஃபிலோதியோஸ் பிரையன்னியோஸ் என்ற கிரேக்க குருவானவர், கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு மடத்து நூலகத்தில் பழைய தோல் சுவடி ஒன்றைப் பார்த்தார். 1056இல் லியோ என்ற எழுத்தர் பிரதியெடுத்தது. அதே சுவடியில் இருந்த கிளெமெந்துவின் நிருபங்களைத்தான் பிரையன்னியோஸ் முதலில், 1875இல் அச்சிட்டார். டிடாக்கே வெளிவர 1883 ஆகிவிட்டது. பத்து வருஷம்! ஒரே ஃபோல்டருக்குள்ள கிடந்த தங்கத்தை விட்டுட்டுப் பக்கத்து ஃபைலைத் திறந்த கதை.

நூல் சின்னது. பதினாறே அதிகாரம், அதுவும் குட்டிக் குட்டியா. முதல் அதிகாரத்திலேயே ஒரு சுவாரஸ்யமான முரண் இருக்கு. கேட்கிற எல்லாருக்கும் கொடு, திருப்பிக் கேட்காதேன்னு ஆரம்பிக்குது. அடுத்த மூச்சிலேயே, கொடுக்கப்போற காசை உள்ளங்கை வியர்க்கிற வரைக்கும் பிடிச்சு வெச்சுக்கோ, யாருக்குக் கொடுக்கிறோம்னு தெரியட்டும் என்கிற பொருளில் ஒரு பழைய வாக்கை எடுத்து வைக்குது. ரெண்டும் ஒரே பக்கத்துல! இந்த ரெண்டையும் ஒட்டவைக்க அறிஞர்கள் படாத பாடு பட்டிருக்காங்க. பின்னாடி வேற கை சேர்த்ததுன்னும் சிலர் சொல்றாங்க. இருக்கலாம். ஆனா கடைசியா சேர்த்தவர் எவரோ, அவர் முதல் வரியை அழிக்கலையே. ரெண்டையும் வெச்சுக்கிட்டு வாழணும்னு நினைச்சிருக்கார்.

அந்த ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு விஷயம் இருக்கு, அதுதான் எனக்கு முக்கியமாப் படுது. தேவையில்லாமல் கைநீட்டி வாங்கினவன், ஏன் வாங்கினே, எதுக்கு வாங்கினேன்னு விசாரிக்கப்படுவான், கடைசிக் காசு வரைக்கும் கணக்கு சொல்லணும். கொடுத்தவர் மேல குற்றமில்லை. அதாவது ஏமாத்தினதோட பாரம் ஏமாத்தினவன் தலையிலதான். நம்ம ஊர்ல பாருங்க, ஒருத்தன் ஏமாந்தா 'உன்னை யாருடா கொடுக்கச் சொன்னது'ன்னு ஏமாந்தவனைத்தான் ஊரே காய்ச்சும்.

பதினொன்று, பன்னிரண்டாம் அதிகாரங்களில்தான் அந்த விருந்தாளி விதிகள் வருது. அந்தக் காலத்துச் சபைகளுக்கு ஊர் ஊராகச் சுற்றும் அப்போஸ்தலர்களும் தீர்க்கதரிசிகளும்தான் செய்தித் தொடர்பு. கடிதம் கொண்டுவருபவர், போதிப்பவர், பக்கத்து ஊர்ச் சபை எப்படி இருக்கிறது என்று சொல்பவர் எல்லாம் அவர்களே. அவர்களை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம், ஆவியில் பேசுகிறேன் என்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டால் அவரிடம் யார் எதிர்க்கேள்வி கேட்பது? டிடாக்கேயே அந்த நேரத்தில் அவரைச் சோதிக்கக்கூடாது என்கிறது.

அப்போ என்ன வழி? ஆள் பேசுறதைப் பார்க்காதே, நடத்தையைப் பார். ஒரு தீர்க்கதரிசி ஆவியில நிறைஞ்சு 'இங்க ஒரு விருந்து ஏற்பாடு பண்ணுங்க'ன்னு உத்தரவு போட்டா பண்ணலாம், ஆனா அந்த விருந்தில் அவர் சாப்பிடக்கூடாது. சாப்பிட்டார்னா முடிஞ்சது கதை. ஆவியில 'எனக்குப் பணம் கொடு'ன்னு சொன்னா காதுலயே வாங்காதே. கஷ்டப்படுற வேற யாருக்காவது கொடுக்கச் சொன்னா, அவரைத் தீர்ப்பு சொல்லாதே. எவ்வளவு எளிமையான டெஸ்ட் பாருங்க. அவர் மனசுக்குள்ள போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தட்டு யார் முன்னாடி போகுதுன்னு பார்த்தாப் போதும்.

சாதாரண வழிப்போக்கனுக்கு விதி வேற. ஆண்டவர் பெயரால வர்ற யாரா இருந்தாலும் முதல்ல சேர்த்துக்கோ. அதுக்கப்புறம் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கோ. இந்த வரிசை முக்கியம், பின்னாடி திரும்பி வருவேன். கடந்து போறவன்னா முடிஞ்ச உதவி செய். ரெண்டு மூணு நாளுக்கு மேல வேண்டாம். இங்கேயே தங்கணும்னு ஆசைப்பட்டா, கைத்தொழில் தெரியும்னா வேலை செஞ்சு சாப்பிடட்டும். தொழில் தெரியலைன்னா, அவன் சும்மா உட்கார்ந்து திங்காதபடி உங்க புத்திக்கு எட்டின மாதிரி ஒரு வழி பண்ணுங்க. இதுக்கும் ஒத்துவரலைன்னா, அவன் கிறிஸ்துவை வெச்சு வியாபாரம் பண்றவன். இதுக்குக் கிரேக்கத்தில் ஒரே சொல்: கிறிஸ்டெம்போரோஸ். அந்த மாதிரி ஆட்களுக்குன்னு ஒரு பெயரே புழங்கியிருக்குன்னா, எத்தனை பேர் வந்து போயிருப்பாங்கன்னு யோசிங்க.

என் தொழில் புத்தி இங்க எட்டிப் பார்க்குது. சர்வர்ல ரேட் லிமிட் போடுறது யூசர் மேல இருக்கிற வெறுப்புல இல்ல. ஒரே ஆள் மொத்தத்தையும் இழுத்தா மத்த யாருக்கும் பதில் போகாது. டிடாக்கே எழுதினவர் செஞ்சதும் அதேதான். கதவை மூடலை, ஒரு ஆள் எவ்வளவு நேரம் இழுக்கலாம்னு மட்டும் எழுதி வெச்சார்.

சரி, இந்த விதிகள் வேலை செஞ்சுதா? இதுக்கு நமக்கு ஒரு வெளிச் சாட்சி இருக்கார். கிறிஸ்தவர்களைப் பிடிக்காதவர்.

லூசியன். சிரியா பக்கத்துச் சமோசாட்டாவில் பிறந்து கிரேக்கத்தில் எழுதிய இரண்டாம் நூற்றாண்டு நையாண்டி எழுத்தாளர். இன்னைக்கு இருந்திருந்தா ஸ்டாண்ட்-அப் பண்ணியிருப்பார். பெரெக்ரினஸ் என்ற ஒருத்தரைக் கிழிகிழின்னு கிழிச்சு ஒரு நூலே எழுதியிருக்கார். அப்பாவைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னதா ஊர்ல பேச்சு வந்து ஓடின ஆள்; பாலஸ்தீனத்துக்கு வந்து கிறிஸ்தவனாகி, கொஞ்ச நாள்ல சபையில எல்லாமே அவர்தான் என்கிற நிலைக்கு வந்துட்டார். அப்புறம் அந்த மதத்தைச் சேர்ந்தவர்னு ஜெயில்ல போட்டாங்க.

லூசியன் சொல்லும் காட்சி இது. விடிந்ததிலிருந்தே சிறைவாசலில் வயதான விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் காத்துக் கிடக்கிறார்கள். சபைப் பெரியவர்கள் காவலர்களுக்கு லஞ்சம் கொடுத்து உள்ளேயே அவரோடு படுத்துக்கொள்கிறார்கள். வகைவகையாகச் சாப்பாடு போகிறது. ஆசியா மாகாண ஊர்களிலிருந்து சபைச் செலவில் ஆட்கள் வந்து ஆறுதல் சொல்கிறார்கள். பணமும் நன்றாகச் சேர்கிறது. ஒரு கெட்டிக்கார ஃபிராடு இவர்கள் நடுவில் வந்தால் சீக்கிரமே பணக்காரனாகிவிடலாம் என்று லூசியன் நக்கலடிக்கிறார். சிரியாவின் ஆளுநர் பெரெக்ரினஸை விடுதலை செய்கிறார். பிறகு, சாப்பிடக்கூடாத எதையோ சாப்பிட்டதற்காகக் கிறிஸ்தவர்களே அவரை வெளியேற்றியதாக லூசியன் ஊகிக்கிறார். 165இல் ஒலிம்பிக் விழா நடந்தபோது பெரெக்ரினஸ் கூட்டத்தின் முன்னால் தீ மூட்டி, தானே அதில் குதித்துச் செத்தார்.

லூசியன் பகையாளி, மசாலா தூவியிருப்பார். அதைத் தள்ளிட்டுப் பார்த்தாலும் ஒரு கேள்வி நிக்குது. விதிப்புத்தகம் கையில இருந்தும் இவங்க எப்படி ஏமாந்தாங்க? என் ஊகம் இது. டிடாக்கேயின் விதி வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு. ஜெயில்ல இருக்கிறவனுக்கு 'மூணு நாள்தான் சாப்பாடு'ன்னு யாரும் எழுதி வைக்கலை. சிறையில் இருப்பவனைப் போய்ப் பார்ப்பது கிறிஸ்துவையே பார்ப்பதுன்னு மத்தேயு 25 சொல்லித்தந்தவங்க, அந்த இடத்துல எல்லை போட விரும்பலை. ஒரு பெரெக்ரினஸ் தின்னுட்டுப் போகட்டும், நிஜமாவே விசுவாசத்துக்காக உள்ளே கிடக்கிற ஒருத்தர் பட்டினியா இருந்துடக்கூடாது. எங்க எல்லை போடணும்னு தெரிஞ்ச மாதிரியே, எங்க போடக்கூடாதுன்னும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னு நான் படிக்கிறேன்.

இதுவரைக்கும் வெளியிலிருந்து வந்தவங்க. உள்ளேயே இருக்கிறவங்களுக்கு எவ்வளவு கொடுக்கிறது? அது இன்னும் சங்கடமான கணக்கு.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்துல எருசலேம் சபையில ஒரு புகார். தினசரிப் பந்தியில் கிரேக்கம் பேசுற விதவைகளைக் கவனிக்கிறதில்லைன்னு. பன்னிரண்டு பேரும், 'வசனத்தை விட்டுட்டு நாங்க பந்தி பரிமாற வர்றது சரியில்ல'ன்னு சொல்லிடுறாங்க. முதல் தடவை கேட்டா தலைக்கனம் மாதிரி இருக்கும். ஆனா அதோட நிறுத்தலை. ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, வேலையை அவங்ககிட்ட ஒப்படைச்சாங்க. ஸ்தேவான், பிலிப்பு, நிக்கானோர்னு அந்த ஏழு பெயரும் கிரேக்கப் பெயர்கள். புகார் சொன்ன பக்கத்துக்கிட்டயே சாவியைக் கொடுத்த மாதிரி. 'என்னால முடியாது'ன்னு சொன்னவங்க, யாரால முடியும்னும் சேர்த்துச் சொன்னாங்க.

1 தீமோத்தேயு ஐந்தாம் அதிகாரம் இன்னும் கறார். விதவைகள் பட்டியலில் சேர வயது 60 ஆகியிருக்க வேண்டும். ஒரே கணவனுக்கு மனைவியாக இருந்திருக்க வேண்டும். பிள்ளைகளை வளர்த்து, அந்நியரை உபசரித்து, துன்பப்பட்டவர்களுக்கு உதவியவராக இருக்க வேண்டும். பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். யாருமில்லாதவர்களுக்குச் சபை உதவ அப்போதுதான் முடியும். காரணம் நியாயமாத்தான் இருக்கு. ஆனா இளம் விதவைகளைச் சேர்க்காதேன்னு சொல்ற இடம் எனக்கு உறுத்துது. அவங்க மறுமணம் செஞ்சுக்கட்டும்னு ஒரே போடாப் போட்டுட்டுப் போயிடுது. இது உதவிப் பட்டியலா, சபை ஊழியத்துக்கான பட்டியலான்னு அறிஞர்கள் இன்னும் சண்டை போடுறாங்க. எதுவா இருந்தாலும், வயசை வெச்சு ஒரு கோடு போட்டா கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பாங்க.

பட்டியல் வெச்சதால என்ன ஆச்சுங்கிறதுக்கு ஒரு எண் இருக்கு. 251 வாக்கில் ரோமாபுரி ஆயர் கொர்னேலியு, அந்தியோகியா ஆயர் ஃபாபியுவுக்கு எழுதிய கடிதத்தின் பகுதியை யூசேபியஸ் பாதுகாத்து வைத்திருக்கிறார். ரோமாபுரிச் சபையில் 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள் என்று அடுக்கிக்கொண்டே போய், 1,500க்கும் மேற்பட்ட விதவைகளையும் துன்பப்படுபவர்களையும் சபை தாங்குவதாகச் சொல்கிறார். தேசியஸ் பேரரசரின் துன்புறுத்தல் சபையைப் பிளந்துபோட்டிருந்த நேரம் அது. சட்டப்படி அங்கீகாரம் கிடையாது. 1,500 பேரை வெறும் இளகின மனசால மாசாமாசம் தாங்க முடியாது. யாரோ ஒருத்தர் உட்கார்ந்து பெயர் எழுதியிருக்கணும், யாரோ சில பெயர்களை அடிச்சிருக்கணும்.

நாலாம் நூற்றாண்டுக்கு வந்தா, சபைக்குப் பணம் வந்துடுச்சு, பெரிய பெரிய நகரங்கள் வந்துடுச்சு, பிச்சைக்காரர்களும் கூடிட்டாங்க. இப்போதான் ரெண்டு பெரிய ஆட்கள் எதிரெதிரா நிக்கிற மாதிரி தெரியும்.

ஒருத்தர் கப்பதோக்கியாவில் செசரியா நகரத்து பசில். 368 வாக்கில் பஞ்சம் வந்தபோது பணக்காரர்களின் களஞ்சியத்தைத் திறக்க வைக்கப் பிரசங்கித்தவர். பின்னர் நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் ஒரு பெரிய இல்லம் கட்டியவர். கருணைக்குக் குறைச்சல் இல்லாத மனுஷன். ஆனா அவருடைய கடிதத் தொகுப்பின் 150ஆவது கடிதத்தில், நிஜமான தேவைக்காரனையும் பேராசைக்காரனையும் பிரிச்சுப் பார்க்க அனுபவம் வேணும்னு அவர் போதிச்சதா வருது. அதனாலதான் ஆதியில் விசுவாசிகள் சொத்தை விற்ற பணத்தைத் தாங்களே பங்கு போடாமல் அப்போஸ்தலர் பாதத்தில் வெச்சாங்களாம். கொடுக்கிறது எல்லாருக்கும் முடியும். பங்கிடுறது ஒரு தனி வேலை.

இன்னொருத்தர் அந்தியோகியாவில் யோவான் கிறிசோஸ்தோம். பேச்சு வன்மையால 'பொன்வாய்' என்ற பட்டம் பின்னால் வந்து ஒட்டிக்கிட்டவர். 386இல் அங்கே குருவானவர் ஆனார். லாசருவையும் ஐசுவரியவானையும் பற்றிய பிரசங்க வரிசையில், பிச்சைக்காரனிடம் விசாரணை நடத்துபவர்களைப் போட்டு வாங்குகிறார். ஏழைக்கு இருக்க வேண்டிய ஒரே தகுதி அவனுடைய தேவை. துறைமுகத்துக்கு வரும் உடைந்த கப்பலிடம் நீ நல்லவனா என்று யாரும் கேட்பதில்லை. ஆபிரகாம் வழிப்போக்கர்களிடம் அடையாளம் கேட்டுக்கொண்டிருந்தால் தேவதூதர்களுக்கு விருந்து வைத்திருக்க முடியாது. இதுதான் அவர் வாதம்.

யார் சரி? நான் ரொம்ப நாளா பசில் பக்கம்தான். ஆனா கிறிசோஸ்தோமின் இன்னொரு பிரசங்கத்தைப் படிச்சதும் கேள்வியே மாறிடுச்சு. மத்தேயு சுவிசேஷத்தின் மேல் அவர் செய்த 66ஆவது பிரசங்கத்தில், அந்தியோகியா சபையின் பட்டியலில் 3,000 விதவைகளும் கன்னியரும் இருப்பதாகவும், தினமும் அவர்களுக்கு உதவி போவதாகவும் கணக்குச் சொல்கிறார். பட்டியல்! விசாரிக்காதேன்னு கத்தின அதே மனுஷனோட சபையில பட்டியல் இருந்திருக்கு. அதைப் பற்றி அவர் பெருமையாத்தான் பேசுறார்.

அப்போ அவர் கோபம் விசாரணை மேல இல்ல. யார் விசாரிக்கிறாங்க, எதுக்கு விசாரிக்கிறாங்க என்பது மேல. தெருவுல குளிர்ல நடுங்குற ஒருத்தன்கிட்ட, ரெண்டு காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி 'ஏன் வேலைக்குப் போகலை'ன்னு கேட்கிற கனவான், பதிலுக்காகக் கேட்கலை. கொடுக்காம நகர ஒரு காரணம் தேடுறான். சபை மூப்பர் கேட்கிற அதே கேள்வி, கொடுக்கிறதுன்னு முடிவு பண்ணின பிறகு எப்படிக் கொடுக்கிறதுன்னு தெரிஞ்சுக்க. டிடாக்கேயின் வரிசை இங்கதான் உதவுது: முதல்ல சேர்த்துக்கோ, அப்புறம் விசாரி. எங்க அம்மா இந்த நூலையெல்லாம் படிச்சதில்ல. வாசல்ல யார் வந்து கேட்டாலும் முதல்ல சாப்பாடு வெச்சிருவாங்க. எந்த ஊரு, என்ன விஷயம்னு கேள்வியெல்லாம் ரெண்டாவது தடவை சோறு போடும்போதுதான் வரும். காசு மட்டும் கொடுக்க மாட்டாங்க.

அதனால, யாராவது உதவி கேட்டு நான் 'டீடெயில்ஸ் அனுப்புங்க'ன்னு டைப் பண்ணும்போது இப்போ ஒரு நிமிஷம் நின்னு பார்க்கிறேன். டீடெயில்ஸ் வந்தா நிஜமாவே ஏதாவது செய்வேனா, இல்ல வராம இருக்கட்டும்னு கேட்கிறேனா? அந்த நொடியில அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசியா ஒண்ணு. 451இல் கல்செதோனில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லின் காடிகோய் பகுதியில், பெரிய ஆயர் மன்றம் கூடியது. கிறிஸ்துவின் தன்மைகள் பற்றிய இறையியல் சண்டைக்காகத்தான் அந்த மன்றம் பாடப்புத்தகத்துல வரும். ஆனால் அது இயற்றிய விதிகளில் 11ஆவது விதி ஏழைகளைப் பற்றியது. உதவி தேவைப்பட்டு ஊர்விட்டு ஊர் போகும் ஏழையை முதலில் விசாரித்து, அவர் கையில் சபையின் 'சமாதானக் கடிதம்' ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும். எங்களுக்கெல்லாம் இது டோக்கன் மாதிரி. ஒரு தடவை உள்ளே நுழைஞ்சு நிரூபிச்சா, அப்புறம் ஒவ்வொரு கதவுலயும் பாஸ்வேர்ட் அடிக்க வேண்டாம். போற ஊர்லயெல்லாம் தன் கஷ்டத்தை முதல்லேர்ந்து அழுது சொல்லவும் வேண்டாம்.

அந்தஸ்து உள்ளவங்களுக்கான பரிந்துரைக் கடிதம் தனியா இருந்தது. அது ஏழைங்களுக்குக் கிடையாதுன்னும் அதே விதியிலேயே எழுதி வெச்சிருக்காங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.